பீரங்கிக்குக் கூடம் உண்டு. ஊன்றுகோலுக்கு எங்கே இடம்?



இராணுவ அருங்காட்சியகம் எதையாவது பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசலில் எதிரியிடம் கைப்பற்றிய டாங்கி நிற்கும். உள்ளே பீரங்கி, வாள், துப்பாக்கி. கண்ணாடிப் பெட்டிக்குள் பதக்கங்கள் மின்னும்.

ஆனால் அந்தப் போரில் கால் இழந்தவனுக்குக் கட்டைக்கால் பொருத்தியது யார்? கண் இழந்தவன் என்ன தொழில் செய்து பிழைத்தான்? அவன் இறந்தபின் மனைவிக்குப் பென்ஷன் வந்ததா? அதற்காக அவள் எத்தனை முறை தாலுகா கச்சேரிப் படியேறினாள்? இதற்கெல்லாம் அந்தக் கூடங்களில் பதில் கிடைப்பது அரிது.

போரைக் காட்டுவது எளிது. போர் முடிந்தபின் வீரனுக்கு என்ன செய்தோம் என்று காட்டுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

டேட்டன் சொல்லும் பாடம்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 மார்ச் 3 அன்று, ஊனமுற்ற வீரர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்கும் சட்டத்தில் அதிபர் லிங்கன் கையெழுத்திட்டார். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் 1867-இல் அப்படியோர் இல்லம் எழுந்தது. தங்கும் விடுதி, மருத்துவமனை, நூலகம், கல்லறைத் தோட்டம் என்று அது ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

இப்போது அதே வளாகத்தில் நிற்கும் பழைய தலைமையகம் உள்ளிட்ட கட்டடங்களைத் தன் வரலாற்று மையமாக்கும் வேலையை முன்னாள் படைவீரர் நலத்துறை மேற்கொண்டிருக்கிறது. நாடெங்கும் உள்ள தன் மருத்துவமனைகளில் கிடக்கும் பழைய கருவிகள், படங்கள், ஏடுகளை அது சேகரிக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நாட்டில் கறுப்பின வீரர்களுக்கென்று 1923-இல் டஸ்கீகீயில் தனி மருத்துவமனை திறக்க நேர்ந்தது. ஒரே கொடியின்கீழ் போரிட்டுத் திரும்பியவர்களுக்குள்ளும் நிறவேற்றுமை பார்க்கப்பட்டது. அந்தக் கறையையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் விளம்பரம்!

அரண்மனைக்குள் ஆஸ்பத்திரி

நம்மவர்கள் கதைக்கு வருவோம். முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில், குளிரிலும் சேற்றிலும் நின்று காயப்பட்ட இந்திய வீரர்கள் இங்கிலாந்தின் கடற்கரை நகரமான பிரைட்டனுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கிருந்த ராயல் பெவிலியன் அரண்மனை 1914 டிசம்பரில் மருத்துவமனையாகச் செயல்படத் தொடங்கியது.

அங்கே ஒன்பது சமையலறைகள். முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். உருது, இந்தி, குர்முகி எழுத்தில் அறிவிப்புப் பலகைகள். கிப்லாவை நோக்கித் தொழுவதற்குப் புல்வெளியில் இடம், சீக்கியர்களுக்கு குருத்வாராவாக ஒரு கூடாரம். 1915 ஆகஸ்டில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே நேரில் வந்து, விஷவாயுவால் பாதிக்கப்பட்டிருந்த மீர் தஸ்த் என்ற வீரருக்கு விக்டோரியா கிராஸ் அணிவித்தார்.

கேட்கவே மனம் குளிர்கிறதல்லவா? ஆங்கில அரசும் அதைத்தான் விரும்பியது. அரண்மனையில் படுத்திருக்கும் சிப்பாய்களின் படங்கள் தபால் அட்டைகளாக வெளிவந்தன. ஆங்கிலம், உருது, குர்முகி மூன்றிலும் புத்தகம் அச்சிடப்பட்டது. எதற்காக? இந்தியாவில் மேலும் ஆள் சேர வேண்டும், இங்கே யாரும் முணுமுணுக்கக் கூடாது என்பதற்காக.

மறுபக்கம் என்ன? அதே பிரைட்டனில், பழைய ஏழைகள் விடுதியில் நடந்த கிச்சனர் மருத்துவமனையைச் சுற்றி முள்கம்பி வேலி, வாசலில் காவல். நோயாளிகள் விருப்பம்போல் வெளியே போக முடியாது. ஆங்கிலேயப் பெண் தாதியர் இந்தியரைத் தொட்டுப் பணிவிடை செய்வதையும் அதிகாரிகள் விரும்பவில்லை. வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். ஒருமுறை காயம் பட்டவனை மறுபடியும் போர்முனைக்கு அனுப்புகிறார்களே என்ற குமுறல் அவற்றில் கேட்கிறது. தணிக்கைக்காக எடுத்த அந்தப் பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வேவு பார்க்க எடுத்த குறிப்பே இன்று அந்த வீரனின் சாட்சியாக நிற்கிறது!

தபால் அட்டையை மட்டும் பார்ப்பவன் ஏமாறுவான். முள்கம்பியை மட்டும் பார்ப்பவன் பாதியைத்தான் அறிவான். இரண்டையும் பக்கத்தில் வைப்பதற்குப் பெயர்தான் அருங்காட்சியகம்.

நம் நாட்டில் எது இல்லை?

ஊனமுற்ற இந்திய வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் பம்பாயில் ஒரு பள்ளி தொடங்கி, பிறகு புனே அருகே கிர்க்கிக்கு மாறியது. 1944-இல் புனேயில் செயற்கை உறுப்பு மையம் வந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு 1974-இல் கிர்க்கியில் மறுவாழ்வு இல்லம். ஓய்வுபெற்றவர்களுக்கான மருத்துவத் திட்டம் 2003-இல் தொடங்கியது. நம் மாகாணத்திலும் ஒரு செய்தி உண்டு. 1914-இல் சென்னை மாகாண மக்கள் தந்த போர் நிதியில் 'மெட்ராஸ்' என்ற மருத்துவமனைக் கப்பலே ஓடியது.

இவை வெறும் அலுவலகக் கோப்புகளாக இருந்தால் போதுமா? இவற்றை ஒன்றுசேர்த்து மக்கள் முன் வைக்க வேண்டாமா?

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் விட்டவர்கள் இத்தனை பேர் என்று அது சொல்கிறது. திரும்பி வந்தவர்களில் கையில்லாமல் வந்தவர் எத்தனை பேர்? கல் பேசாது. அந்த மூன்றாவது எண்ணைத் தேடுவதுதான் நாம் கேட்கும் அருங்காட்சியகத்தின் வேலை.

வெற்றியை மட்டும் வைத்தால் போதாது. நல்ல உடலோடு படையில் சேர்ந்து, ஊனத்தோடு வெளியேற்றப்பட்டவருக்கு, அந்த ஊனம் பணியால் வந்ததாகவே கருதிப் பென்ஷன் தர வேண்டும். இல்லையென்று நிரூபிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் சிப்பாய் ஏன் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது? செயற்கைக் காலுக்குப் பக்கத்தில் அந்தத் தீர்ப்பின் நகலும் இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

அரசுதான் கட்டடம் கட்ட வேண்டும். ஆனால் பொருள் இருப்பது உங்கள் வீட்டில். பாட்டனாரின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். டிஸ்சார்ஜ் சான்று, பென்ஷன் புத்தகம், மணியார்டர் துண்டு, நிராகரித்து வந்த கடிதம், தேய்ந்த ஊன்றுகோல் - எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். யாருடையது, எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். விவரம் இல்லாத பொருள் நாளைக்கு வெறும் தட்டுமுட்டுச் சாமான்தான்.

வீட்டிலிருக்கும் பெரியவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வீரரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். இருபது ஆண்டு அவருக்குப் புண் கழுவிய மனைவியிடமும் கேளுங்கள். பராமரிப்பின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தத் தாய்மார்களின் கையால் எழுதப்பட்டது. அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, கல்லும் இல்லை.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் பழைய கோப்புகளை ஆராயாமல் அழிக்காதீர்கள். மருத்துவக் குறிப்புகளைக் குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே காட்சிக்கு வையுங்கள். அது ஒரு மனிதனின் உடல், வேடிக்கைப் பொருள் அல்ல. குறைகளைச் சொல்லும் காகிதங்களை ஒளிக்காதீர்கள்.

போருக்கு அனுப்பும்போது மேளம் கொட்டுகிறோம். திரும்பி வந்தவனின் ஊன்றுகோல் சத்தத்தையும் நாடு கேட்கட்டும்!