ரோபோ செய்யும் பிள்ளைகளுக்கு ஊர் வேலை எதற்கு? பள்ளி அணிகளின் வழிகாட்டிப் பணி பற்றி ஓர் அலசல்

பள்ளி மாணவர்களுக்கான உலகின் பெரிய ரோபோ போட்டிகளில் ஒன்று அமெரிக்காவின் ‘ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ்’. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, ஐம்பது கிலோ எடையுள்ள ரோபோவைச் செய்து, மைதானத்தில் இறக்கி மோதும் போட்டி இது. இதன் மிக உயர்ந்த விருது யாருக்குப் போகும் என்று நினைக்கிறீர்கள்? ஜெயித்த ரோபோவுக்கு என்றால், தவறு. தன் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மற்ற பிள்ளைகளுக்காக அதிகம் உழைத்த அணிக்குத்தான் அந்த விருது.

‘ரோபோ போட்டின்னு சொல்லிட்டு சமூக சேவைக்குப் பரிசா?’ என்று தோன்றலாம். அதற்குப் பின்னால் தெளிவான கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு எங்கே தடம் மாறுகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ரோபாட்டிக்ஸ் கிட் வாங்குவதில் நம் பள்ளிகளும் இப்போது வேகம் காட்டுகின்றன என்பதே காரணம்.

அது என்ன ஃபர்ஸ்ட்?

டீன் கேமன் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் 1989-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற அமைப்பு. விளையாட்டு வீரர்களைக் கொண்டாடுவது போல அறிவியல் படிக்கும் பிள்ளைகளையும் கொண்டாட வேண்டும் என்பது அவர் ஆசை. 1992-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு பள்ளி ஜிம்மில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான அணிகள் இருக்கின்றன.

ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த ஆண்டின் விளையாட்டு அறிவிக்கப்படும். பந்தைக் கூடையில் போடுவது, வளையத்தைக் கம்பியில் மாட்டுவது என்று ஆண்டுக்கு ஒரு சவால். அதற்கேற்ற ரோபோவைச் சில வாரங்களில் வடிவமைத்து, உருவாக்கி, கோடிங் எழுதி முடிக்க வேண்டும். மைதானத்தில் மூன்று அணிகள் ஒரு கூட்டணி, எதிரே இன்னொரு மூன்று. ஆட்டம் சில நிமிடம்தான். முதல் சில விநாடி ரோபோ தானாகவே ஓட வேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியமான ஏற்பாடு உண்டு. தகுதிச் சுற்றில் யாரோடு யார் சேர்வது என்பதைக் கணினி குலுக்கல் போலத் தீர்மானிக்கும். இந்த ஆட்டத்தில் உங்கள் எதிரி, அடுத்த ஆட்டத்தில் உங்கள் கூட்டாளி ஆகலாம். அவர்கள் மோட்டார் எரிந்துபோனால் உங்களுக்கும் நஷ்டம்தான். அதனால் எதிரணிக்கு ஸ்பேனர் கொடுப்பது, உதிரி பாகம் கொடுப்பது, கூடவே உட்கார்ந்து வயரிங் சரி செய்வது எல்லாம் அங்கே சகஜம். எம்ஐடி பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் பரப்பிய பண்பு இது: கடுமையாகப் போட்டியிடு, ஆனால் எதிராளியை மரியாதையோடு நடத்து. உபதேசத்தோடு நிற்காமல், ஆட்ட விதியிலேயே அதைக் கலந்துவிட்டார்கள் என்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்தப் பெரிய விருது

பல ஆண்டுகள் ‘சேர்மன்ஸ் அவார்டு’ என்று அழைக்கப்பட்ட விருது, 2022-23 பருவத்திலிருந்து ‘இம்பாக்ட் அவார்டு’ ஆனது. அணி தன் பணியைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும். பிறகு நடுவர்கள் முன் மாணவர்களே பேச வேண்டும். ஆசிரியர் குறுக்கே புகுந்து பதில் சொல்ல முடியாது.

அப்படி என்ன பணி? பெரும்பாலும் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டுவது. 1998-ல் லெகோ நிறுவனத்தோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கென ‘ஃபர்ஸ்ட் லெகோ லீக்’ தொடங்கப்பட்டது. பெரிய பள்ளி அணிகள் அங்கே போய்ப் புதிய அணிகளைத் தொடங்கி வைக்கின்றன, வாராவாரம் சொல்லித் தருகின்றன, போட்டி நாளில் தன்னார்வலர்களாக நிற்கின்றன. நூலகத்தில் செயல்விளக்கம், கோடை முகாம், புதிய அணிக்கு நிதி திரட்டித் தருவது என்று வேலைகள் நீளும்.

சொல்லித் தருபவருக்கு என்ன லாபம்?

கோட்டைப் பின்தொடரும் சின்ன ரோபோவை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் கறுப்புக் கோடு. கீழே ஒரு ஒளி சென்சார். கறுப்பு தெரிந்தால் ஒரு பக்கம் திரும்பு, வெள்ளை தெரிந்தால் மறுபக்கம் திரும்பு. பதினோராம் வகுப்பு மாணவிக்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் பத்து வயதுச் சிறுவன் கேட்பான்: ‘அக்கா, இது ஏன் குடிகாரன் மாதிரி ஆடி ஆடிப் போகுது?’

இப்போது அவள் யோசித்தாக வேண்டும். ரோபோவுக்கு ‘கொஞ்சம் விலகியிருக்கிறோம்’, ‘நிறைய விலகியிருக்கிறோம்’ என்ற வித்தியாசம் தெரியவில்லை. கொஞ்சம் விலகினாலும் முழு வேகத்தில் திரும்புகிறது; அதனால் மறுபக்கம் தாண்டிவிடுகிறது. விலகலின் அளவுக்கு ஏற்பத் திருப்பினால் ஆட்டம் அடங்கும். தொழிற்சாலை இயந்திரங்களும் ட்ரோன்களும் நம்பியிருக்கும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் முதல் படி இது. இதுவரை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கோடு ஏன் வேலை செய்தது என்பது, சிறுவனுக்குச் சொல்லும்போதுதான் அவளுக்கே விளங்குகிறது.

இரண்டாவது லாபம் அணிக்கு. பள்ளி அணியில் யாரும் நான்கைந்து ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தால் எல்லாம் தெரிந்தவர்கள் மொத்தமாகக் கிளம்பிவிடுவார்கள். இளையவர்களுக்குக் கற்றுத்தரும் பழக்கம் இல்லாத அணி, ஒவ்வொரு ஜூன் மாதமும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஃபீனிக்ஸ் நகரத்து உதாரணம்

அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் இடம். 2004-ல் அந்தப் பள்ளியின் நான்கு மாணவர்கள், மெக்சிகோவிலிருந்து வந்த, குடியுரிமை ஆவணம் இல்லாத குடும்பத்துப் பிள்ளைகள், நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டிக்குப் போனார்கள். பிவிசி குழாய்களை ஒட்டிச் செய்த ரோபோ. செலவு சுமார் 800 டாலர். கல்லூரிகள் போட்டியிடும் பிரிவில் நின்று எம்ஐடி அணியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்கள். 2015-ல் ஹாலிவுட் படமாகவும் வந்த கதை இது.

படம் அந்த வெற்றியைக் கொண்டாடுகிறது. வழிகாட்டிகள் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. அதே பள்ளியின் அணி 2008-ல் ஃபர்ஸ்ட் உலகச் சாம்பியன்ஷிப்பில் சேர்மன்ஸ் விருதை வென்றது. அதாவது நான்கு பேர் சாதித்ததோடு கதை முடியவில்லை. அடுத்தடுத்த பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அதன் பின்னால் இருந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் மாலை நேரங்களைக் கொடுத்த இரண்டு ஆசிரியர்கள்.

எங்கே தடம் மாறுகிறது?

விருது என்று வந்துவிட்டால் எண்ணிக்கை மோகமும் வரும். ‘இத்தனை ஆயிரம் பேரைச் சென்றடைந்தோம்’ என்று எழுதினால் கட்டுரை கனமாகத் தெரியும். ஷாப்பிங் மாலில் ரோபோவை நிறுத்தி வைத்தால் அரை நாளில் ஆயிரம் பேர் கடந்து போவார்கள். செல்ஃபி எடுப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் ஒரு மோட்டாரைக் கையில் எடுத்தார்கள்?

இந்தச் சிக்கலை ஃபர்ஸ்ட் அமைப்பே உணர்ந்து, சொற்களுக்கு வரையறை வகுத்தது. ஓர் அணியைத் ‘தொடங்கினோம்’, ‘வழிகாட்டினோம்’, ‘உதவினோம்’, மக்களைச் ‘சென்றடைந்தோம்’ என்பவை வேறு வேறு. தொடர்ந்து தொடர்பில் இருந்து அந்த அணியின் சிக்கல்களுக்குத் துணை நின்றால்தான் ‘வழிகாட்டினோம்’ என்று எழுதலாம். ஒரே ஒரு முறை போய்வந்தது வழிகாட்டுதல் ஆகாது. ஒரு போட்டி அமைப்பு அகராதி போடும் அளவுக்குப் போனது என்றால், எண்ணிக்கை மோகம் எவ்வளவு தூரம் போகும் என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு சிக்கல், பெரியவர்களின் ஆர்வக்கோளாறு. போட்டி நெருங்கும்போது, ‘நகரு தம்பி, நான் முடிச்சிடறேன்’ என்று பொறியாளர் ஸ்பேனரை வாங்கிவிடுவார். ரோபோ ஓடும், பிள்ளை வேடிக்கை பார்க்கும்.

பணமும் ஒரு தடைதான். இந்தப் பெரிய போட்டியில் பதிவுக் கட்டணமே பல ஆயிரம் டாலர். பாகங்கள், பயணம் எல்லாம் தனி. வசதியான பள்ளி அணி, பக்கத்து வசதியான பள்ளிக்கே வழிகாட்டிக்கொண்டிருந்தால் வட்டம் பெரிதாகாது. வழிகாட்டிப் பணியின் நியாயமே, கதவு திறக்காத இடத்தில் திறப்பதுதான்.

இதில் நமக்கு என்ன?

நிறைய. நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டம் 2016-ல் தொடங்கி, 10 ஆயிரம் பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைத்திருக்கிறது. 6 முதல் 12-ம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 3டி பிரிண்டர், சென்சார், ரோபாட்டிக்ஸ் கிட் கிடைக்கும். அரசுப் பள்ளிகளில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் மேலும் 50 ஆயிரம் லேப் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை நடமாடும் அறிவியல் ஆய்வகத்தைக் கொண்டு செல்கிறது.

ஆக, பொருள் வருகிறது. ஆனால் கிட்டை யார் பிரித்துக் காட்டுவது? சென்சார் வேலை செய்யாதபோது யாரைக் கேட்பது? ஆள் இல்லாவிட்டால், 3டி பிரிண்டரும் பூட்டிய அலமாரியில் இருக்கும் இன்னொரு நுண்ணோக்கிதான்.

ஐடியிலோ உற்பத்தித் துறையிலோ இருக்கும் இளைஞர்கள் இங்கேதான் தேவை. அடல் லேப்களுக்கு வழிகாட்டியாகச் சேர ‘மென்டார் ஆஃப் சேஞ்ச்’ என்ற வழி இருக்கிறது. எப்படிச் சேர்ந்தாலும், ஃபர்ஸ்ட் அனுபவம் சொல்லும் சில விஷயங்கள் உதவும்.

● ஒரு பள்ளி, ஓர் ஆண்டு. பத்துப் பள்ளியில் ஒருநாள் ஒர்க்‌ஷாப் நடத்துவதைவிட, ஒரே பள்ளிக்கு வாரம் ஒரு மணி நேரம் போவது மேல்.

● ஸ்பேனர் பிள்ளை கையில் இருக்கட்டும். ரோபோ நின்றுபோனால் உடனே சரிசெய்யாதீர்கள். ‘எங்க நின்னுச்சு, என்ன மாறுச்சு?’ என்று கேளுங்கள்.

● மூன்றாவது மாதத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஏழாம் வகுப்புக்குச் சொல்லித் தரட்டும். உங்களுக்கு வேறு ஊருக்கு மாற்றலானாலும் லேப் நிற்காது.

● பெண் பிள்ளைகள் கையில் என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். போஸ்டர் ஒட்டுவதும் நோட்டு எழுதுவதும் மட்டும் என்றால், அன்றே மாற்றுங்கள்.

அரசுக்கும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவுகளுக்கும் ஒரு கோரிக்கை. ஆண்டறிக்கையில் ‘பயன்பெற்ற மாணவர்கள்’ என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் சேருங்கள்: முதல் வாரம் வந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாவது மாதமும் வந்தார்கள்? எத்தனை பேர் இன்னொருவருக்குச் சொல்லித் தந்தார்கள்? இந்த இரண்டு எண்களும் சிறியதாகத்தான் இருக்கும். புகைப்படத்துக்கு எடுபடாது. ஆனால் லேப்புக்குக் கொடுத்த பணம் வீணானதா இல்லையா என்பதை இந்த இரண்டு எண்கள்தான் சொல்லும்.