கணினித் திரையில் தமிழ்

தமிழிற் பேசி, தமிழிற் கற்று, தமிழிலே பரீட்சை எழுதும் வீடுகளிற்கூடக் கணினி ஆங்கிலத்திலேயே நம்மை எதிர்கொள்கின்றது. இஃது இயந்திரத்தின் குறையோ, நம் குறையோ என ஆராய்தல் வேண்டும்.

முதற்கண் மூன்றினை வேறுபிரித்து அறிதல் நன்று. தமிழெழுத்தைத் திரையிற் காண்டல் ஒன்று. விசைப்பலகையால் தமிழைப் பதித்தல் மற்றொன்று. கணினியின் கட்டளைகளும் அறிவித்தல்களும் தமிழில் தோன்றுதல் மூன்றாவது. 1991 ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறி நியமத்திலேயே தமிழ் இடம்பெற்றமையால் முதலிரண்டும் காலப்போக்கில் எளியவாயின. மூன்றாவதே காட்சி மொழி எனப்படுவது. அதனை மாற்றுவதால் நாம் எழுதிவைத்த கடிதமோ கட்டுரையோ மொழிமாறாது. கணினி நம்மோடு பேசும் மொழியே மாறும்.

விண்டோஸ் 11 இல் இது சிறிது நேர வேலையே. பற்சில்லுச் சின்னமுடைய அமைப்புப் பகுதியுட் புகுந்து, நேரம், மொழி என்னும் பிரிவிலே தமிழைச் சேர்த்து, அதற்குரிய மொழிப்பொதியை இணையத்தினின்றும் இறக்கி, காட்சி மொழியாகத் தெரிந்து, ஒருமுறை வெளியேறி மீளப் புகுந்தாற் போதும். திரும்பும் வழி தெரியாதென அஞ்சுவோர், சொற்கள் மாறினும் சின்னங்கள் மாறா என்பதை நினைவிற் கொள்வாராக.

தடைகளும் உள. ஒற்றைமொழிப் பதிப்பு நிறுவப்பெற்ற கணினிகள் இம்மாற்றத்துக்கு இடந்தரா. வாங்குமுன் இதனை வினவுவார் அரியர். அன்றியும், கிடைக்கும் தமிழ்ப் பொதி முழுமையானதன்று. பெயர்க்கப்படாத இடங்களில் ஆங்கிலமே தலைகாட்டும்.

இவற்றினும் பெரிய தடையை என் வீட்டிலேயே கண்டேன். நான் தமிழாக்கிய கணினியை, உயர்தர வகுப்பிற் பயிலும் என் மகள் மூன்றாம் நாளே ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டாள். "அப்பா, புத்தகத்தில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல். பிழையென்று காட்டினால் யாரிடம் போய்க் கேட்பது?" என்றாள். அவள் கூற்றில் நியாயம் உண்டு. நம் பாடநூல் பணிசெயல் முறைமை என்பதனைத் தமிழகத்தார் இயங்குதளம் என்பர். ஆயின், தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தாரன்றோ? ஒரு பொருட்கு இரு சொல் வழங்குதல் இழுக்கன்று; இரண்டும் ஒன்றே எனக் கற்பியாது விடுதலே இழுக்கு.

தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம் விதித்தது. சட்டம் தந்த உரிமையும் வழக்கில் வாராவிடின் ஏட்டளவில் நின்றுவிடும். பயன்படுத்துவார் இல்லாத மொழிபெயர்ப்பைத் திருத்த எந்த நிறுவனமும் முந்தாது. திருந்தாத மொழிபெயர்ப்பைப் பயன்படுத்த எவரும் விரும்பார். இச்சுழலை உடைப்பது ஆசிரியர் கையிலேயே உள்ளது.

பாடசாலைக் கணினிகளுள் ஒன்றையேனும் ஒரு தவணைக்குத் தமிழிலே இயக்குக. பொருந்தாத சொற்களை மாணவர் குறித்து, எதிரே பாடநூற் சொல்லையும் எழுதுக. லிப்ரே ஓபிஸ், பயர்பொக்ஸ் போன்ற மென்பொருள்களைத் தமிழாக்குவோர் தன்னார்வலரே. அப்பட்டியல் அவர்க்கும் உதவும்.

இத்தகைய கொப்பி ஒன்றை மகளும் நானும் தொடங்கியுள்ளோம். கணினி மீண்டும் தமிழில் இருக்கின்றது. இம்முறை மாற்றியவள் அவளே.