மெழுகில் பதியும் சுரம்

தஞ்சாவூர் வீணையைக் காண்போர் அதன் யாழி முகத்தையும் குடத்தின் விளிம்பில் ஓடும் பூவேலையையும் கண்டு வியப்பர். அவ்வழகு போற்றத்தக்கதே. எனினும், அழகு ஒன்றையே கருதி அக்கைவினையை மதிப்பிடுவது, அதனைக் காக்கும் வழியை மறைத்துவிடும்.

வீணைக்கு முற்றிய பலாமரமே ஏற்றது. பண்ருட்டிப் பகுதியின் பலாமரம் இதற்குப் பெயர்பெற்றது. குடமும் தண்டியும் யாழி முகமும் ஒரே மரத்தில் அமைவது ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைக்கப்படுவது ஒட்டு வீணை. முன்னாளில் யானைத் தந்தமும் மான்கொம்பும் அணிவேலைக்குப் பயன்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் அவ்வழக்கத்திற்கு முடிவு கட்டின. இன்று பிளாஸ்டிக் தகடுகளில் பூவும் கொடியும் செதுக்கி வண்ணம் நிரப்புகின்றனர். இம்மாற்றத்தை இழப்பெனக் கருதுதல் பொருந்தாது. ஓர் உயிரைக் கொன்று பெறும் அழகு கலைக்கு இன்றியமையாதது அன்று.

ஆனால், மாற்றுப்பொருள் காண இயலாத ஒன்றும் வீணையில் உண்டு. அது கைவினைஞரின் செவி. தண்டியின் மேல் மெழுகும் கரித்தூளும் கலந்த கலவையைப் பரப்பி, 24 மெட்டுகளையும் அதில் பதிப்பர். ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரு தாயிகளுக்குரியவை அவை. தந்தியை மீட்டிக் கேட்டு, மெட்டினை நூலளவு நகர்த்தி, சுரம் சேரும் இடத்தில் நிறுத்துவர். இதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். மரத்தைக் குடையவும் தகட்டை வெட்டவும் பொறிகள் துணைசெய்யலாம். இப்பணிக்கோ பல்லாண்டுப் பழக்கம் வேண்டும்.

மேளம் என்றும் நிலைத்திருப்பதும் அன்று. வெப்பத்தால் மெழுகு இளகும். நாளடைவில் மெட்டுகள் இடம்பெயரும். மீண்டும் மேளம் கட்ட வேண்டும். சென்னையை அடுத்த நூம்பலில் ஒரு மாணவி வீணை பயின்றாலும், அவளுடைய இசை அக்கைவினைஞரின் செவியையே சார்ந்திருக்கும். செய்வோர் மறைந்தால் புதிய வீணைகள் தோன்றாமற்போவதோடு, இருக்கும் வீணைகளும் சுரம் பிறழ்ந்து வாளாகிடக்கும்.

தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயரைக் காக்கும். தொழிலைக் கற்க வரும் இளைஞனுக்கு உணவளிக்காது. பயிலும் காலத்திற்கு உதவித்தொகையும், உழைப்புக்கேற்ற கூலியும், தட்டின்றிப் பலாமரமும் கிடைத்தாலன்றி அடுத்த தலைமுறை உளியை ஏந்தாது. இசைக் கல்லூரிகளில் மேளம் கட்டுதலைப் பாடமாக்கி, கைவினைஞரை ஆசிரியராக அமர்த்துதலும் வேண்டும். வாசிப்பவருக்குப் பொன்னாடை போர்த்தும் சமூகம், வாசிக்கத்தக்க கருவியைத் தந்தவருக்கும் வாழ்வளிக்கக் கடமைப்பட்டுள்ளது.