திருடனைத் தடுக்கும் மூடி குழந்தையைத் தடுக்காதா?

இரண்டு வயதுக் குழந்தை. கையில் காய்ச்சல் மருந்துக் குப்பி. ஆரஞ்சு நிறம், ஆரஞ்சு மணம், சர்க்கரைச் சுவை. பொங்கி வரும் பாலை இறக்கி வைத்துவிட்டு அம்மா திரும்புவதற்குள் மூடி கழன்று தரையில் உருள்கிறது. நேற்று இரவே வளையம் அறுந்த மூடி அது. கழற்ற இரண்டு விரல் போதும்.

கணக்கைப் பாருங்கள். 60 மில்லி குப்பியில் ஒரு வேளை போக 55 மில்லி மிச்சம். 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் பாராசிட்டமால். ஆக மொத்தம் 2,750 மில்லிகிராம். 12 கிலோ எடையுள்ள குழந்தை அதைக் குடித்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 230 மில்லிகிராம். 200-ஐத் தொட்டாலே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கல்லீரல் கெடுவது அன்றே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

யார் குற்றம் என்று கேட்டால் எல்லோருடைய விரலும் அம்மா பக்கம் நீளும். கவனமில்லாதவள் என்று மாமியார் சொல்வார். மருத்துவமனையில் சொல்வார்கள். அரசும் அதையே சொல்லாமல் சொல்கிறது. அந்த விரல் திசை மாற வேண்டும். அது நீள வேண்டியது மூடியைத் தீர்மானித்தவர்கள் பக்கம்.

அந்த அலுமினிய மூடிக்குத் தொழிலில் 'பில்ஃபர் ப்ரூஃப்' மூடி என்று பெயர். திருட்டைத் தடுக்கும் மூடி என்று பொருள். முதல்முறை திருகும்போது வளையம் அறும். இடையில் யாரும் குப்பியைத் திறக்கவில்லை என்பதற்கு அந்த வளையமே சாட்சி. சரக்கு கடைக்கு வந்து சேரும்வரை காவல் உண்டு. வீட்டுக்குள் நுழைந்ததும் காவல் முடிந்தது. சரக்கைக் காக்க யோசித்தார்கள். குழந்தையைக் காக்க யோசிக்கவில்லை.

மூடிக்குப் பதிலாக ஒரு வாக்கியம் கொடுத்தார்கள். 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதுவும் எறும்பு எழுத்தில். மருந்து கொடுக்கும் பாட்டியால் அதைப் படிக்க முடியாது. மருந்தை எடுக்கும் குழந்தைக்குப் படிப்பே தெரியாது. எட்டாத இடம் எங்கே இருக்கிறது? பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில் எது உயரம்? நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறக் கற்ற பிள்ளைக்கு எது எட்டாது? அச்சடித்த வரி எச்சரிக்கை அல்ல. பொறுப்பைக் கைகழுவும் வரி.

இதற்கான தீர்வை இனிமேல்தான் யாரோ கண்டுபிடிக்க வேண்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தீர்வுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. கனடாவின் விண்ட்சர் நகரில் ஆன்ரி பிரோ என்ற குழந்தை மருத்துவர், விஷம் குடித்து வரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனார். பெற்றோருக்குப் புத்தி சொல்லிப் பயனில்லை, மூடியை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தார். 1967-இல் அமுக்கித் திருகும் மூடி வந்தது. அமெரிக்கா 1970-இல் இதற்கென்றே சட்டம் இயற்றியது. 1972-இல் ஆஸ்பிரினுக்குக் கட்டாயமாக்கியது. பிறகு மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் மாத்திரைகளுக்கும் மருந்துகளுக்கும் விரிவாக்கியது. அந்த ஒரு வகை மருந்தில் மட்டும் 1974 முதல் 1992 வரை சுமார் 460 குழந்தைகளின் உயிர் காக்கப்பட்டதாக 1996-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இந்தியாவில் அப்படி ஒரு பொதுவான கட்டாயம் இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. லேபிளில் என்ன எழுத வேண்டும், எங்கே சிவப்புக் கோடு போட வேண்டும் என்றெல்லாம் விதி பேசுகிறது. வீட்டுக்கு வரும் மருந்துக் குப்பியைக் குழந்தை திறக்கக் கூடாது என்று மட்டும் பேசவில்லை.

இங்கே ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கு நேரே போகும் மாத்திரைக் குப்பிகளை நம் நாட்டு ஆலைகள் நிரப்பி அனுப்புகின்றன. அந்தக் குப்பிகளில் அமுக்கித் திருகும் மூடி இருக்கிறது. அங்கே சட்டம் கேட்கிறது, இங்கே செய்கிறார்கள். இங்கே சட்டம் கேட்கவில்லை, இங்கே செய்வதில்லை. நம் ஆலைகளுக்கு மூடி போடத் தெரியும். நம் குழந்தைகளுக்குப் போடத்தான் மனமில்லை.

'பெரியவர்களாலேயே திறக்க முடியாது' என்பது தொழில்துறையின் பழைய சாக்கு. அது சாக்குதான். வடிவமைப்பின் பாதி வேலை குழந்தையைத் தடுப்பது. மீதிப் பாதி பெரியவருக்கு வழிவிடுவது. இரண்டாவது பாதியைச் செய்யாத மூடி தோற்ற மூடி. மூட்டுவலியில் விரல் மடங்கிய பாட்டியைப் பாருங்கள். மூடி வரவில்லை என்றால் பல்லால் கடிப்பார். அரிவாள்மனை முனையால் நெம்புவார். ஒருமுறை திறந்துவிட்டால் மறுபடி மூட மாட்டார். மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் கொட்டுவார். இல்லாவிட்டால் சுருக்குப்பையில் முடிந்துகொள்வார். சுருக்குப்பையைத் தேடித்தான் பேரப்பிள்ளை முதலில் வரும்.

அமெரிக்காவும் இந்தத் தவறைச் செய்தது. தொடக்கத்தில் 18 முதல் 45 வயதுக்காரர்களை வைத்து மூடியைச் சோதித்தார்கள். முதியவர்கள் திறக்க முடியாமல் மூடியைக் கழற்றியே வைத்தார்கள். 1995-இல் விதியைத் திருத்தினார்கள். இப்போது 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களிடம்தான் குப்பியைக் கொடுக்கிறார்கள். முதலில் ஐந்து நிமிடம். அடுத்த முறை ஒரு நிமிடம். அதற்குள் திறந்து, திரும்பச் சரியாக மூட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேரால் முடியாவிட்டால் அந்த மூடி தேறாது.

பிள்ளைகளுக்கும் தேர்வு உண்டு. 42 மாதம் முதல் 51 மாதம் வரை வயதுள்ளவர்கள். இருவர் இருவராக உட்கார வைத்து ஆளுக்கொரு குப்பி தருகிறார்கள். ஐந்து நிமிடம் விடுகிறார்கள். பிறகு பெரியவர் ஒருவர் கண்ணெதிரே திறந்து காட்டுகிறார். பல்லால் கடித்தும் திறக்கலாம் என்று சொல்கிறார். இன்னும் ஐந்து நிமிடம். திறந்து காட்டும் முன் நூற்றுக்கு 85 பிள்ளைகள் தோற்க வேண்டும். காட்டிய பிறகும் 80 பேர் தோற்க வேண்டும். அப்போதுதான் மூடி ஜெயிக்கும்.

மூடியின் சூட்சுமம் எளியது. உள்ளே ஒரு மூடி, வெளியே ஒரு மூடி. வெறுமனே திருகினால் வெளிமூடி மட்டும் கடகடவென்று சுற்றும். உள்மூடி அசையாது. உள்ளங்கையால் அமுக்கியபடியே திருகினால் இரண்டின் பற்களும் கவ்விக்கொள்ளும். மூடி கழலும். மூன்று வயதுப் பிள்ளை அமுக்கும். திருகவும் திருகும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வராது. அகலமான மூடி, பிடிமானத்துக்கு வரிப்பள்ளம், தடவினால் தெரியும் அம்புக்குறி. இவ்வளவு இருந்தால் பாட்டிக்கும் எளிது. இதில் விஞ்ஞானப் புதிர் எதுவும் இல்லை. முழுப் பாதுகாப்பும் அல்ல இது. அவகாசம். அம்மா பால் பாத்திரத்தை இறக்கி வைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தைத்தான் மறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரசின் கைகளும் சுத்தமாக இல்லை. கர்ப்பிணிகளுக்கு அரசு இரும்புச்சத்து மாத்திரை தருகிறது. நல்ல திட்டம். ரத்தசோகையை ஒழிக்கும் திட்டம். சிவப்பு நிறம், சர்க்கரைப் பூச்சு. பார்த்தால் மிட்டாய். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டையில் 600 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 60 மில்லிகிராம். உயிரையே பறிக்கக்கூடிய அளவு. ஆறு மாதம் நாள்தோறும் சாப்பிட வேண்டிய மாத்திரை. வீட்டில் ஒரே ஓர் அட்டை இருக்காது. கட்டாக இருக்கும்.

அந்த வீட்டில் வேறு யார் இருப்பார்? இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் தாயின் முதல் பிள்ளை இருக்கும். இரண்டு வயது, மூன்று வயது. எந்த வீட்டில் தவழும் பிள்ளை, நடைபழகும் பிள்ளை இருக்கிறதோ அந்த வீட்டைத் தேடிப்போய் மிட்டாய் நிற மாத்திரையைக் கொடுக்கிறோம். பிரித்தெடுக்கப் பெரியவர் விரல் தேவைப்படும் உறையில் கொடுக்கவில்லை. கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் வந்து விழும் அட்டையில் கொடுக்கிறோம். அமெரிக்காவில் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரும்பு உள்ள மருந்துப் பொதிக்குக் குழந்தை திறக்க முடியாத மூடி 1978 முதல் கட்டாயம். நம்முடைய ஓர் அட்டை அந்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

தெரியாமல் செய்தோம் என்று அரசு சொல்ல முடியாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான இரும்புச்சத்து சிரப் குப்பியில் ஒரு தடவைக்கு ஒரு மில்லி மட்டும் வரும் அளவுக் கருவி இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் ரத்தசோகை ஒழிப்பு வழிகாட்டுதலே சொல்கிறது. குப்பியின் வடிவமும் மருந்தின் ஒரு பகுதி என்பது அரசுக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றில் செய்தார்கள், மற்றதில் விட்டார்கள். இது அறியாமை அல்ல. அலட்சியம்.

மருந்தோடு முடியவில்லை. தெருவில் வண்டி வருகிறது. 'பினாயில்... ஆசிட்... சோப் ஆயில்...' என்று ஒலிபெருக்கி அழைக்கிறது. வாங்குபவர் நீட்டுவது குடிநீர் பாட்டில். ஊற்றித் தருகிறார்கள். மூடி, குழந்தை நாள்தோறும் திறந்து பழகிய அதே மூடி. கழிவறை ஆசிட்டைக் குடித்த குழந்தையின் உணவுக்குழாய் வெந்து சுருங்கும். மாதக்கணக்கில் மயக்க மருந்து கொடுத்து அந்தக் குழாயை விரித்துக்கொண்டே இருப்பார்கள். சில பிள்ளைகளுக்கு வயிற்றில் துளையிட்டுக் குழாய் வழியே சோறு. ஆசிட்டைச் சில்லறையில் விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும், வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்க்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. தெருவண்டியில் எந்தப் பதிவேடு இருக்கிறது?

பூஜை அறைக்கு வாருங்கள். கற்கண்டு போல் வெள்ளைக் கட்டி. கற்பூரம். ஒரு கிராம் போதும், சிறு குழந்தைக்கு வலிப்பு வரும், உயிரும் போகும். அது விற்கப்படும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி நகம் பட்டாலே திறந்துகொள்கிறது. எத்தனை தயாரிப்பாளர்கள் இதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள்?

குழந்தை விஷம் குடித்த பிறகு இரைப்பையைக் கழுவவும் ஊசி போடவும் தீவிர சிகிச்சைப் படுக்கை ஒதுக்கவும் நம்மிடம் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டியிருக்கிறோம். தும்பு மூடியில் இருக்கிறது.

பதில் சொல்ல வேண்டியவர்கள் யார் என்பதில் குழப்பம் இல்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் பதில் சொல்ல வேண்டும். திரவ மருந்துகளுக்கும், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும், குறைந்த அளவிலேயே குழந்தையைக் கொல்லும் மற்ற மருந்துகளுக்கும் குழந்தை திறக்க முடியாத மூடியை, உறையைக் கட்டாயமாக்கி மருந்து விதிகளைத் திருத்த வேண்டும். வழிகாட்டுதல் வேண்டாம். ஆலோசனை வேண்டாம். விதி வேண்டும். தேதி வேண்டும். தண்டனை வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பதில் சொல்ல வேண்டும். ஐ.எஸ்.ஓ. 8317 என்ற உலகத் தரம் கண்ணெதிரே இருக்கிறது. அதை நம் வீடுகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். நம் பிள்ளைகளிடமும் நம் முதியவர்களிடமும் சோதிக்க வேண்டும். பாட்டியால் திறக்க முடியாத மூடியைத் தேர்ச்சி பெறவிடக் கூடாது. சிறு குழந்தை இல்லாத வீடுகளுக்குச் சாதாரண மூடியோடு ஓர் அளவுக் குப்பியைத் தனியாகக் குறியிட்டு விற்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த வழியையும் இங்கே திறந்து வைக்கலாம்.

மாநில அரசு பதில் சொல்ல வேண்டும். டெல்லியைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1995 முதல் வாங்கிக்கொண்டிருக்கிறது. மொத்தமாக வாங்குபவர் கேட்டால் ஆலை கொடுக்கும். அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். சட்டத் திருத்தம் தேவையில்லை. யாருடைய அனுமதியும் தேவையில்லை. அமிலத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி விற்பதை நிறுத்த வேண்டியதும் மாநிலத்தின் வேலை.

நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுமதிக்கு ஒரு மூடி, உள்ளூருக்கு ஒரு மூடி என்ற வியாபாரம் இன்றோடு நிற்க வேண்டும். விதி வரட்டும் என்று காத்திருப்பது, தெரிந்தே ஆபத்தை விற்பது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல். மண்ணெண்ணெயோ ஆசிட்டோ குடிநீர் பாட்டிலில் இருந்தால் இன்றே வேறு குப்பிக்கு மாற்றி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குப்பியோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உங்கள் கடமை அவ்வளவுதான். மூடி உங்கள் கடமை அல்ல.

மூடி அவர்கள் கடமை. 1967-இல் கண்டுபிடித்த மூடி. நம் ஆலைகளே கப்பலேற்றி அனுப்பும் மூடி. அது நம் வீட்டுக் குப்பிக்கு வந்து சேரும்வரை, இரைப்பையில் குழாயோடு படுத்திருக்கும் ஒவ்வொரு குழந்தையின் படுக்கையருகிலும் நிற்க வேண்டியவர் அந்தத் தாய் அல்ல. அந்த நிபந்தனையை எழுத மறுத்த அதிகாரி.