டிஷ்வாஷருக்கு டி.டி.எஸ். கணக்கு உதவாது!

வாளிக்குள் வெள்ளைப் படலம், குழாய் வாயில் சுண்ணாம்புக் கட்டி, எவ்வளவு சோப்பு போட்டாலும் வராத நுரை... ஆலங்காயம் பக்கம் போர் தண்ணீரில் புழங்கும் வீடுகளுக்கு இதெல்லாம் பழகிப்போனதுதான். அந்த வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்தால், கொஞ்ச நாளிலேயே கண்ணாடி டம்ளர்கள் மங்க ஆரம்பிக்கும். ‘மெஷின் சரியில்லை’ என்று முடிவுகட்டும் முன், அதற்குள் இருக்கும் சாஃப்ட்னரின் அளவைச் சரிபாருங்கள்.

சாஃப்ட்னரில் இருக்கும் ரெசின் மணிகள், தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்ததும், நாம் போட்டுவைத்த உப்பின் கரைசல் அவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும். இதற்கு எவ்வளவு உப்பு செலவாக வேண்டும் என்பதை நாம் வைக்கும் அளவுதான் தீர்மானிக்கிறது. பல மெஷின்கள் நடுத்தர அளவில் வைக்கப்பட்டே வருகின்றன. கடினமான போர் தண்ணீருக்கு அது போதாது.

சரி, எவ்வளவு வைப்பது? உடனே டி.டி.எஸ். மீட்டரைத் தேடாதீர்கள். அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளையும் சேர்த்துச் சொல்லும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பகுதியில் இதைக் கவனிப்பது முக்கியம். பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, தோலைக் கழுவும்போது கழிவுநீரில் இறங்குகிறது. தோல் கழிவால் பாலாற்றுப் பகுதி நிலத்தடி நீர் கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பும் வந்தது. அந்தச் சாதாரண உப்பு டி.டி.எஸ்.ஸைத்தான் கூட்டும், கடினத்தன்மையைக் கூட்டாது. சாஃப்ட்னர் அதை நீக்கவும் செய்யாது.

ஆகவே ‘மொத்தக் கடினத்தன்மை’ எவ்வளவு என்று பாருங்கள். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு கிட் போதும். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலும் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை அனுமதி. கையேட்டில் ஜெர்மன் டிகிரி போட்டிருந்தால், உங்கள் எண்ணை 17.8-ஆல் வகுங்கள். 600 என்றால் சுமார் 34 டிகிரி. கையேட்டின் உச்ச அளவையும் தாண்டினால், மெஷினுக்கு வரும் குழாயில் தனி சாஃப்ட்னர் வைப்பதே வழி.

காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் மாறி மாறி ஏறும் தொட்டியா? போர் தண்ணீரின் கணக்கையே வையுங்கள். தூள் உப்பு வேண்டாம், அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷர் உப்பே போடுங்கள். போட்டதும் மெஷினை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு உள்ளேயே கிடந்தால் ஸ்டீல் அரிக்கும்.

மங்கிய டம்ளரை வினிகரில் சிறிது நேரம் ஊறவையுங்கள். படலம் போய்விட்டால் அது சுண்ணாம்பு. அளவை ஒரு படி கூட்டுங்கள். போகவில்லையென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கலாம். தண்ணீர் அளவுக்கு மீறி மென்மையானாலும் இப்படி நடக்கும். ஒரு படி குறையுங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று உச்சத்தில் வைத்தால் உப்பு வீணாகும். வீணாகும் உப்பும் சாக்கடை வழியாக, ஏற்கெனவே உப்பேறிய நம் மண்ணுக்குத்தான் போகும்.