பூவாருக்கு மேலே பறக்க

நெய்யாறு கடலில் சேரும் பூவார் பொழிமுகத்துக்கு மேலே கணினியில் விமானம் ஓட்ட ஆசைப்படும் நம் பையன்கள், முதலில் கிராபிக்ஸ் கார்டில்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள். 2024-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் உச்சத் தரத்துக்கு 64 ஜிபி ராமும் 100 எம்பிபிஎஸ் இணையமும் கேட்கிறது. நிலக்காட்சி பெரும்பாலும் இணையம் வழியாகத்தான் வந்திறங்குகிறது. ஆனால் திருவனந்தபுரத்தில் தரையிறங்கும்போது படம் திக்கித் திணறினால், பல நேரம் காரணம் பிராசஸர்தான். 96 எம்பி எல்3 கேஷ் உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி வாங்கிவிட்டு, கார்டில் ஒரு படி இறங்குங்கள் என்பேன். கலர் விளக்கெல்லாம் வீண் செலவு. மிச்சத்தில் நல்ல யுபிஎஸ் வாங்கலாம். கேபினட்டைக் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள். உப்புக்காற்றில் ஸ்க்ரூ முதலில் துருப்பிடிக்கும், அப்புறம் ஃபேன் முனகத் தொடங்கும்.