மஞ்சள் விளக்கு எரிந்தால் மாற்ற வேண்டியது சென்சாரையா?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் எஸ்.யு.வி. ஒன்றின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும் நடப்பவை கொழிஞ்சாம்பாறையிலும் குமுளியிலும் அடிக்கடி காணக்கூடியவை. பட்டறையில் ஸ்கேனரைப் பொருத்துகிறார்கள். பி0171 என்றோ பி0133 என்றோ ஓர் எண் திரையில் தோன்றுகிறது. "ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்தோ தேனியிலிருந்தோ பாகம் வரவழைக்கப்படுகிறது. சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அடுத்த முறை மலையேறும்போது அதே விளக்கு மீண்டும் எரிகிறது. ஸ்கேனர் தரும் எண் ஒரு புகார் மனு. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பாகங்களை வாங்கும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும் என்பதே நம் கருத்து.

எல்லையோரத்தில் இத்தகைய வண்டி ஆடம்பரத்துக்காக மட்டும் வாங்கப்படுவதன்று. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரருக்கும் வண்டன்மேட்டு ஏலக்காய் வியாபாரிக்கும் அது தொழிற்கருவி. புதிய வண்டியின் விலை எட்டாத இடத்தில், பழையதைக் கடனில் வாங்குவோர் பலர். கொழுக்குமலைக்கு ஏறும் பழைய டீசல் ஜீப்புகளில் இந்தச் சென்சார் கிடையாது; அவற்றின் உரிமையாளர்கள் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்லலாம். 2010 ஏப்ரலில் 13 நகரங்களில் பி.எஸ்.4 விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, வண்டி தன் கோளாற்றைத் தானே பதிவு செய்யும் ஏற்பாடும் உடன் வந்தது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 நாடு முழுவதற்கும் விரிந்தது. இன்று இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் மாறும் பெட்ரோல் எஸ்.யு.வி.களில் பல தம் நோயைத் தாமே எழுதி வைக்க வல்லவை. எழுதியதை வாசிப்பதில்தான் சிக்கல்.

ஆக்சிஜன் சென்சார் புதிய கருவியன்று. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அது அளக்கிறது. பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று மிகுந்தால் சென்சார் 0.1 வோல்ட் அளவிலும், பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் அளவிலும் குறிப்பு அனுப்புகிறது. அதைப் பார்த்து எஞ்சினின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஆகவே "காற்று மிகுதி" எனப் பொருள்படும் பி0171 தோன்றும்போது, சென்சார் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கணக்கில் இருப்புக் குறைவு என்று பாஸ்புக் காட்டினால், புதிய பாஸ்புக் வாங்கி இருப்பை உயர்த்த முயல்வோர் உண்டோ?

எல்லா எண்களும் ஒரு தன்மையன அல்ல. பி0135 என்பது சென்சாரைச் சூடேற்றும் உள் கம்பிச்சுற்றைக் குறிக்கும். ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் சென்சார் சரிவர இயங்கும் என்பதால் இந்தச் சூடேற்றி தேவைப்படுகிறது. இங்கே சென்சாரே பழுதாகியிருக்க நியாயமுண்டு. ஆயினும் அற்ப விலையுள்ள பியூஸையும், மழைக்காலத்தில் எஞ்சின் அறைக்குள் ஒதுங்கும் எலி கடித்த ஒயரையும் முதலில் பார்ப்பதே முறை. பி0133 சென்சாரின் மந்தத்தைச் சொல்கிறது. வயதான சென்சாருக்கு அது இயல்பு. பி0420 வந்தால் புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மீது பழி விழும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது. அதன் விலையைக் கேட்டவர்கள் அறிவார்கள். சைலன்சர் குழாயின் இணைப்பில் ஒரு சிறு கசிவு இருந்தாலும் அதே எண் தோன்றக்கூடும். (இவ்வெண்களின் விளக்கத்தில் 'பேங்க் 1' என்ற சொல் வரும். நம் வாசகர்கள் திகைக்க வேண்டாம்: எஞ்சினின் முதல் சிலிண்டர் அமைந்துள்ள வரிசைக்கே அப்பெயர்.)

நல்ல மெக்கானிக் எண்ணோடு நிற்கமாட்டார். எரிபொருள் திருத்தத்தைப் பார்ப்பார். பட்டறைப் பேச்சில் இதற்கு 'ஃப்யூயல் ட்ரிம்' என்று பெயர். கணினி தன் அடிப்படைக் கணக்கைவிட எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ செலுத்துகிறது என்பதை எளிய ஸ்கேனரும் காட்டும். வண்டி நின்றபடி ஓடும்போது இது கூட்டல் 20 அளவில் இருந்து, எஞ்சின் சுழற்சியை 2,500-க்கு உயர்த்தியதும் பூச்சியத்தை நோக்கி இறங்கினால், வெடித்த ரப்பர்க் குழாய் வழியாகவோ மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகவோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். நின்ற நிலையில் சரியாக இருந்து ஏற்றத்தில் கூடிக்கொண்டே போனால், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் ஆகியவற்றின் மீது ஐயம் கொள்ள வேண்டும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர்க் குழாய் விரிசல் விட்டிருந்தால், அதன் வழியே வெளிக்காற்று புகுந்து சென்சாரை ஏமாற்றும். இச்சோதனைக்கு அரைமணி நேரம் போதும். அந்த அரைமணிக்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம் என்போம். பாகத்துக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், அறிவுக்குப் பணம் கொடுக்க மட்டும் ஏனோ தயங்குகிறோம்.

மலைக்கென்றே சில சங்கதிகள் உண்டு. பாலக்காட்டு நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தையும் எட்டாதது. மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு. நலமான வண்டி இதைத் தானே சரிசெய்துகொள்ளும்; அழுத்தத்தை அறியும் சென்சார் தவறாகச் சொல்லும் வண்டியோ மேலே ஏற ஏறப் பெட்ரோலை வாரி இறைத்து, பி0172 என்று எழுதி வைக்கும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று வண்டியைத் திருப்பித் தருவதில் பயனில்லை. இறக்கத்திலும் ஒரு மயக்கம் காத்திருக்கிறது. மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கும்போது, கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி பெட்ரோலை முற்றிலும் நிறுத்திவிடும். அப்போது புகைக்குழாயில் வெறும் காற்றே செல்வதால் சென்சார் பூச்சியத்தை ஒட்டி நிற்கும். அது சென்சாரின் சாவன்று, இறக்கத்தின் இயல்பு.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே இன்று பரவலாகக் கிடைக்கிறது. எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே உள்ளதால், காற்றுக்கும் எரிபொருளுக்குமான சரியான விகிதம் 14.7-இலிருந்து 13.5 அளவுக்கு இறங்குகிறது. தூய பெட்ரோலுக்கென அமைக்கப்பட்ட பழைய எஞ்சினின் கணினி ஏறத்தாழ 7, 8 விழுக்காடு கூடுதலாக எரிபொருளைச் செலுத்தியாக வேண்டும். நலமான வண்டி இதைத் தாங்கிக்கொள்ளும். சிறு கசிவால் முன்பே கூட்டல் 12-இல் தள்ளாடிய வண்டி, இந்தச் சேர்க்கையால் எல்லையைத் தாண்டி விளக்கை ஏற்றிவிடும். "நேற்றுவரை நன்றாக ஓடியதே" என்ற வியப்புக்கு இதுவும் ஒரு விடை.

இனி நம் பத்திரிகைக்கு நேரடியாக உரிய பகுதிக்கு வருவோம். வழக்கமான மோட்டார் காப்பீடு தேய்மானத்தையும் இயந்திரக் கோளாற்றையும் ஏற்பதில்லை. இச்செலவு முழுவதும் உரிமையாளரின் கைப்பணம். பழைய வண்டிக் கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு, தவறாக மாற்றிய ஒரு பாகம் என்பது தவறிப்போகும் ஒரு தவணையாகிவிடக்கூடும். இவ்வளவு இருந்தும், பழைய வண்டிக்குக் கடன் கேட்கும்போது ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டையும் வெளித்தோற்றத்தையும் பார்ப்பதில் காட்டும் அக்கறை, வண்டியின் கணினி எழுதி வைத்திருப்பதைப் பார்ப்பதில் காட்டப்படுவதில்லை. பெட்ரோல் வண்டிகளின் மதிப்பீட்டு அறிக்கையுடன் ஒரு ஸ்கேனர் அறிக்கையையும் வங்கிகள் கேட்டுப் பெற வேண்டும் என்பது நம் துணிபு.

மறுப்புகள் எழும். மலைப்பகுதிப் பட்டறைகளில் நல்ல ஸ்கேனர் எங்கே என்பார்கள். கைப்பேசியுடன் இணையும் எளிய கருவிகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. முதல்நிலை வாசிப்புக்கு அவை போதும். விற்பவர் முந்தின நாளே எண்களை அழித்துவிட்டு வந்தால் என்ன பயன் என்றும் கேட்பார்கள். இக்கேள்வி வலுவானது. ஆனால் எண்களை அழித்தாலும் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும், இரண்டாம் கட்ட ஏற்பாடு கொண்ட வண்டியின் தற்சோதனைகள் 'முடிவடையவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அவை மீண்டும் நிறைவடையச் சில நாள் ஓட்டம் வேண்டும். எண் ஏதும் இல்லாமல், தற்சோதனைகளும் நிறைவடையாமல் ஒரு வண்டி வந்து நின்றால், வாங்குபவர் ஒரு வாரம் பொறுத்து மறுபடியும் பார்க்கட்டும். கோயம்புத்தூரில் வாங்கிக் கேரளத்துக்குக் கொண்டுவரும் வண்டிக்குத் தடையின்மைச் சான்றும் மறுபதிவும் தேவைப்படுவதால், வாங்கியபின் திருப்பிக் கொடுப்பது எளிதன்று என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.

மஞ்சள் விளக்கு சீராக எரிந்தால் நாள் பார்த்துப் பட்டறைக்குப் போகலாம். விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். அது கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். அந்நிலையில் ஏற்றத்தில் வண்டியை விரட்டாமல் ஓரம் கட்டுவதே சிக்கனம்.

சென்சாரை மாற்றியே தீர வேண்டும் என்று முடிவானால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முனையில் கரும்புகைப் படிவு இருந்தால் பெட்ரோல் மிகுதியாக எரிந்திருக்கிறது. வெண்படிவு இருந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறதா என்று கேளுங்கள். மலையேற்றத்தில் ஒருமுறை எஞ்சின் கொதித்த வண்டியில் இதைத் தவறாமல் கேளுங்கள். எண்ணெய் படிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கும் வால்வு சீலும் பார்க்கப்பட வேண்டும். இவற்றைச் சரிசெய்யாமல் பொருத்தும் புதிய சென்சாரும் சில மாதங்களில் அதே நிறத்துக்கு வந்துவிடும்.